கூண்டினுள் புகுந்த அறிஞர்

ஆங்கில நாட்டின் வடமேற்கில், வெஸ்ட்மர்லாந்து என்னும் மலைப்பாங்கான பகுதியில், அவுட்கில் என்பது ஒரு சிற்றூர். அவ்வூரிற் கொல்லுத் தொழில் செய்து வந்த ஜேம்ஸ் பாரடே என்பார், பிழைப்பு நாடி மனைவி மக்களோடு இலண்டன் மாநகர்ப் பக்கம் குடிபெயர்ந்தார். நகரின் தென்புறத்தே நியூயிங்டன் பட்ஸ் என்னுமிடத்தில், 1791-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22-ஆம் நாள், அவருக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. அம்மகவே மின்சாரத்தின் இயல்பை உலகுக்கு விளக்கிய மைக்கேல் பாரடே ஆவார். மக்கள் நால்வருள் இவர் மூன்றாமவர்.

தந்தையார் நோயாளர். நாள் முழுதும் உலைக்களத்தில் நின்று சம்மட்டி பிடிக்க அவர் உடல் இடந்தரவில்லை. வேலை செய்த நாளிற் கூலி. செய்யாத நாளிற் குறைவயிறு. 1801-ஆம் ஆண்டில் தானிய விலை ஏறியபோது, வாரம் ஒன்றுக்கு ஒரு ரொட்டியே மைக்கேலின் பங்காகக் கிடைத்தது. ஒன்பது வயதுச் சிறுவர் அதனைக் கூறு போட்டு ஏழு நாளும் உண்ண வேண்டியிருந்தது. கல்வியும் அவ்வளவிலேயே நின்றது. எழுதவும் படிக்கவும் சிறிது கணக்கிடவும் கற்றதோடு பள்ளிப்படிப்பு முடிந்தது. உயர்கணிதம் அவருக்கு இறுதிவரையில் எட்டாமலே போயிற்று. இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அவர் வாழ்வில் இக்குறை பெரிய பங்கு கொண்டது.

1804-ஆம் ஆண்டில், ஜார்ஜ் ரீபோ என்னும் புத்தக வணிகரிடம் ஏவலாளாகச் சேர்ந்தார். செய்தித்தாள்களை வீடுதோறும் கொடுத்துப் பின் திரும்பப் பெற்று வருவது அவர் வேலை. ஓராண்டு சென்றதும், புத்தகம் கட்டும் தொழிலைக் கற்பிக்க ரீபோ அவரை ஏழாண்டு ஒப்பந்தத்தில் ஏற்றுக்கொண்டார். அக்காலத்தில் தொழில் பயில வருவோர் ஆசானுக்குப் பணம் கட்டுதல் வழக்கம். சிறுவரின் உண்மையான உழைப்பைக் கண்ட ரீபோ அப்பணத்தை வாங்கவில்லை. நல்லார் ஒருவர் அன்று காட்டிய அப்பெருந்தன்மை இல்லையாயின், உலகம் இழந்திருக்கக்கூடியது யாதென்று கணக்கிடல் அரிது.

பிறர் புத்தகத்தைத் தைத்தார், அட்டையிட்டார், அதனோடு நில்லாமல் உள்ளே இருப்பதையும் படித்தார். கட்டுவதற்கு வந்த கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. ஜேன் மார்செட் என்னும் அம்மையார் எளிய உரையாடலாக எழுதிய வேதியியல் நூல் அவ்வார்வத்தை வளர்த்தது. படித்ததை அப்படியே நம்புவது அவர் இயல்பன்று. கையிலுள்ள சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பொருள்களை வாங்கிச் செய்து பார்த்து, நூல் கூறியது மெய்யென்று கண்ட பின்னரே மனம் அமைந்தார்.

டேட்டம் என்பார் தம் இல்லத்தில் மாலைவேளைகளில் அறிவியற் சொற்பொழிவுகள் ஆற்றி வந்தார். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். கொல்லுத் தொழில் செய்த தமையனார் ராபர்ட் அதனைக் கொடுத்துதவினார். 1812-ஆம் ஆண்டில், ரீபோவின் கடைக்கு வந்த டான்ஸ் என்னும் வாடிக்கையாளர், இராயல் நிறுவனத்தில் சர் ஹம்பிரி டேவி நிகழ்த்திய நான்கு சொற்பொழிவுகளுக்கு அனுமதிச் சீட்டு அளித்தார். டேவி அக்கால வேதியியலில் முடிசூடா மன்னர். மாடத்தில் அமர்ந்து கேட்ட இளைஞர், ஒன்றுவிடாமற் குறிப்பெடுத்தார். வீடு திரும்பி விரிவாக எழுதிப் படங்களும் வரைந்தார். தம் கையாலேயே அழகுறக் கட்டினார். ஏறத்தாழ முந்நூறு பக்கமுடைய அந்நூலை டேவிக்கே அனுப்பி, அறிவியற் பணியில் ஓர் இடம் தருமாறு வேண்டினார். டேவி அவரை அழைத்துப் பேசினார். ஆனால் அப்போது இடமில்லை. சில திங்களில் நிறுவனத்தின் உதவியாளர் ஒருவர் சண்டையிட்டு வேலை இழக்கவே, 1813-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் பாரடே அவ்விடத்தில் அமர்த்தப்பட்டார். வாரம் 25 ஷில்லிங் ஊதியம். மேல்மாடியில் இரண்டு அறை. எரிக்க நிலக்கரியும் மெழுகுவத்தியும். குடுவை கழுவுவதும் அடுப்பு மூட்டுவதும் அப்பணியுள் அடங்கும்.

அவ்வாண்டு அக்டோபரில் டேவி மனைவியாரோடு ஐரோப்பியப் பயணம் புறப்பட்டார். பாரடேயும் உடன் சென்றார். டேவியின் ஏவலாள் கடைசி நேரத்தில் வர மறுத்தமையால், அவ்வேலையும் இவர் தலையில் விழுந்தது. டேவியின் மனைவியார் இவரை வேலைக்காரராகவே நடத்தினார். பலமுறை ஊர் திரும்பிவிடலாமா என்று எண்ணியும், பாரிசில் ஆம்பியரையும் மிலானில் வோல்டாவையும் காணும் பேற்றினை நினைந்து பொறுத்துக்கொண்டார். 1815-ஆம் ஆண்டு ஏப்ரலில் இலண்டன் மீண்டார்.

பின்வந்த ஆண்டுகளிற் செய்த ஆராய்ச்சிகளுள் ஒன்று தமிழ் மாணவர் அறிந்து மகிழத்தக்கது. தென்னிந்தியக் கொல்லர் மூசையிலிட்டு உருக்கிய எஃகு, ‘வூட்ஸ்’ என்னும் பெயரால் மேலைநாட்டிற் புகழ் பெற்றிருந்தது. கன்னடத்து ‘உக்கு’ என்பதே அவ்வாறு திரிந்தது என்பர். தமிழில் உருக்கு என வழங்குவதும் அதற்கு உறவான சொல்லே. 1819-ஆம் ஆண்டில் பாரடே இவ்வெஃகைப் பகுத்தாராய்ந்து கட்டுரை வெளியிட்டார். கத்தி செய்வதில் வல்லவரான ஸ்டோடார்ட் என்பவரோடு கூடி, அதனையொத்த கலப்பெஃகுகளை உருவாக்கவும் முயன்றார். கொல்லர் மகனுக்கு ஏற்ற ஆராய்ச்சி என்றே சொல்ல வேண்டும்.

1821-ஆம் ஆண்டு இன்பமும் துன்பமும் கலந்து வந்த ஆண்டு. ஜூனில் சாரா பர்னார்டு என்னும் நங்கையை மணந்தார். செப்டம்பரில், மின்சாரம் பாயும் கம்பியொன்று காந்தத்தைச் சுற்றி ஓயாமற் சுழலுமாறு செய்து காட்டினார். இன்று மின்விசிறியைச் சுழற்றும் மோட்டாருக்கு அதுவே முதல் வடிவம். மகிழ்ச்சி மிகுதியால் அதனை விரைந்து வெளியிட்டார். அங்கேதான் இடர் நேர்ந்தது. வொல்லாஸ்டன் என்னும் மூத்த அறிஞர், அதே ஆண்டு ஏப்ரலில், மின்சாரக் கம்பியைத் தன் அச்சிலேயே சுழலச் செய்ய டேவியின் முன்னிலையில் முயன்று வெற்றி காணாதிருந்தார். கட்டுரையில் அவர் பெயர் இல்லை. அவரைக் காணப் பாரடே முயன்றபோது அவர் ஊரில் இல்லை. காத்திராமல் அச்சுக்குக் கொடுத்தது பாரடே செய்த தவறு. பிறர் கருத்தைத் திருடினார் என்னும் பழி நகரெங்கும் பரவியது.

செல்வமும் குலமும் உடையவர்க்குப் பழி வந்தால் தாங்குவதற்குச் சுற்றம் உண்டு. ஏவலாளாக இருந்து உயர்ந்தவருக்கு நற்பெயரன்றி வேறு துணை யாது? பாரடே உடனே வொல்லாஸ்டனுக்கு எழுதினார். நேரிற் சென்று நடந்ததை விளக்கினார். இருவர் எண்ணமும் வேறு வேறு என்பதை அறிந்த அப்பெரியவர் சினங்கொள்ளவில்லை. ஆயினும் ஊர்வாய் மூடவில்லை. 1823-இல் இராயல் கழகத்தின் உறுப்பினராகப் பாரடேயின் பெயர் முன்மொழியப்பட்டபோது, கழகத்தின் தலைவராயிருந்த டேவியே எதிர்த்தார். வளர்த்தவரே வழிமறித்தது வருந்தத்தக்கது. 1824-ஆம் ஆண்டு சனவரியில் வாக்கெடுப்பு நடந்தது. எதிராக விழுந்தது ஒரே ஒரு வாக்கு. பாரடே உறுப்பினரானார். இதன் பின்னும் டேவியைப் பற்றி அவர் இகழ்ந்துரைத்ததில்லை.

மின்சாரம் காந்தத்தை உண்டாக்கும் எனின், காந்தமும் மின்சாரத்தை உண்டாக்குதல் வேண்டுமன்றோ? இவ்வினா பாரடேயின் உள்ளத்தைப் பத்தாண்டு அரித்தது. 1825-லும் 1828-லும் முயன்றார், ஒன்றும் கிட்டவில்லை. 1831-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் மீண்டும் தொடங்கினார். ஆறங்குல விட்டமும் ஓரங்குலத்திற்குச் சற்றுக் குறைந்த கனமும் உடைய தேனிரும்பு வளையம் ஒன்றைச் செய்வித்து, அதன் ஒருபாதியில் ஒரு செப்புக் கம்பிச் சுருளையும் மறுபாதியில் மற்றொரு சுருளையும் சுற்றினார். உறையிட்ட கம்பி கடையில் விலைக்குக் கிடைக்காத காலம் அது. ஒரு சுற்று மற்றொன்றைத் தொடாதவாறு கயிறும் துணியும் இடைவைத்துத் தம் கையாலேயே சுற்றினார். புத்தகம் தைத்துப் பழகிய கை அன்றோ! ஒரு சுருளின் முனைகளை மின்கலத்தோடு இணைத்தார். மற்றைச் சுருளின் கம்பியை மூன்றடி தொலைவிலிருந்த காந்த ஊசியின் மேலாகச் செலுத்தினார்.

மின்கலத்தை இணைத்த கணத்தில் ஊசி துள்ளி அசைந்தது. பின் தன் நிலைக்கு வந்து நின்றது. மின்சாரம் இடைவிடாது பாய்ந்துகொண்டிருந்தபோது ஊசியில் யாதோர் அசைவும் இல்லை. இணைப்பை எடுத்த கணத்தில் மீண்டும் துள்ளியது. இடையறாத ஓட்டத்தை எதிர்பார்த்தவர்க்கு இது ஏமாற்றம் போலத் தோன்றலாம். ஆனால் உண்மை அந்தத் துள்ளலில்தான் ஒளிந்திருந்தது. காந்தம் இருப்பதால் மின்சாரம் தோன்றுவதில்லை. காந்தம் மாறுவதால் தோன்றுகிறது. அக்டோபர் 17-ஆம் நாள், வெற்றுச் சுருளினுள் காந்தக் கோலை நுழைத்தும் இழுத்தும் இதனையே ஐயமற உறுதிப்படுத்தினார். அத்திங்கள் 28-ஆம் நாள், பெரிய காந்தம் ஒன்றின் முனைகளிடையே செப்புத் தகட்டைச் சுழற்றி, இடையறாத மின்னோட்டமும் பெற்றார். மின்னாக்கி அன்று பிறந்தது.

மின்தூண்டல் எனப்படும் இவ்விதி நன்மை மட்டும் செய்யும் என்று கருதலாகாது. வேண்டாத இடத்திலும் அது தன் வேலையைச் செய்யும். இக்காலத்துப் பள்ளி விழா ஒன்றை எண்ணிப் பார்க்க. மடிக்கணினியிலுள்ள இசையை அவையோர் கேட்கும்பொருட்டு அதனை ஆம்ப்ளிபையர் என்னும் ஒலிபெருக்கும் கருவியோடு கம்பியால் இணைக்கின்றனர். இசை தொடங்குமுன்னரே ‘உம்ம்’ என்று ஓர் உறுமல் மண்டபம் நிறைய எழுகின்றது. கணினி பழுதென்பார் சிலர். ஒலிபெருக்கி பழுதென்பார் சிலர். பெரும்பாலும் இரண்டும் பழுதல்ல. சார்ஜரின் மூன்றாம் முள் வழியே கணினி நிலத்தோடு தொடர்புற்றிருக்கிறது. ஒலிபெருக்கும் கருவியும் தன் மூன்றாம் முள் வழியே நிலத்தோடு தொடர்புற்றிருக்கிறது. இப்போது இசைக்கம்பியின் புற உறையும் இரண்டையும் பிணைக்கவே, உறையும் கட்டடத்தின் நிலக்கம்பியும் சேர்ந்து ஒரு பெரிய வளையமாகி விடுகின்றன. பாரடே சுற்றிய சுருள் எத்தகையதோ, அத்தகையதே இவ்வளையமும். சுற்று மட்டும் ஒன்று.

சுவருக்குள் ஓடும் மின்கம்பிகளில் மின்னோட்டம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாய் அலைகின்றது. அதனால் எழும் காந்தப்புலமும் அவ்வாறே மாறிக்கொண்டிருக்கும். மாறும் காந்தப்புலம் வளையத்தின் ஊடே செல்லுமாயின் அதில் மின்னோட்டம் தோன்றியே தீரும். இரண்டு பிளக்குகளின் நிலக்கம்பிகளுக்கிடையே சிறிதளவு மின்னழுத்த வேறுபாடு இருப்பினும் இதே விளைவு நேரும். அவ்வோட்டம் உறையின் வழியே பாயும்போது எழும் மிகச் சிறிய அழுத்தத்தையும் இசையென்றே கருதி ஒலிபெருக்கி பன்மடங்காக்கி ஒலிக்கிறது. அது செய்வது அதன் கடமை. இசையெது, இரைச்சலெது என்று பகுத்தறிய அதற்கு அறிவில்லை. சார்ஜரினுள்ளே மின்சாரம் நொடிக்குப் பல்லாயிரம் முறை விட்டுவிட்டு இயக்கப்படுவதால் எழும் கசடும் இவ்வழியே வந்து சேரும். கணினியின் மௌஸை நகர்த்துந்தோறும் கீச்சென்று ஒலிப்பது இத்தகைய கசட்டினால்தான்.

காரணம் இதுதானா என்று அறிய எளிய சோதனை உண்டு. சார்ஜரைக் கழற்றி, கணினியை அதன் பாட்டரியில் ஓட விடுக. உறுமல் நின்றுவிட்டால் வளையமே குற்றவாளி. நிற்கவில்லையாயின் கம்பியையும் அதன் முனைகளையும் ஆராய்தல் வேண்டும். வளையம் பெரிதாகுந்தோறும் அதனுள் புகும் காந்த விசைக்கோடுகள் மிகும் என்பது பாரடேயின் விதி. ஆதலின், கணினியையும் ஒலிபெருக்கும் கருவியையும் மண்டபத்தின் இருவேறு மூலைகளிலுள்ள பிளக்குகளில் செருகாமல், ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் வளையம் சுருங்கும். உறுமலும் பெரும்பாலும் குறையும். சிலர் மூன்றாம் முள்ளை ஒடித்துவிட்டு இரைச்சல் ஒழிந்தது என மகிழ்வர். அது பேதைமை. கருவியினுள்ளே மின்கம்பி பழுதுற்று உலோகக் கூட்டைத் தொடுமாயின், தொட்டவர் உயிரைக் காப்பது அம்முள்ளே.

முள்ளை ஒடிக்காமலே வளையத்தை அறுக்கும் வழியைப் பாரடேயின் இரும்பு வளையமே காட்டுகிறது. அதில் இருந்த இரண்டு சுருள்களும் ஒன்றையொன்று தொடவில்லை. எனினும் ஒன்றில் நிகழ்ந்த மாறுதல் இரும்பின் காந்தத்தின் வழியே மற்றொன்றில் தோன்றியது. இசைக்குறியோ ஓயாது மாறிக்கொண்டே இருப்பது. அதனை ஒரு சுருளில் விட்டால் மற்றைச் சுருளில் அவ்வாறே எழும். உறையின் வழியாகச் சுற்றி வரும் ஓட்டத்திற்கோ, கம்பித் தொடர்பு அறுந்துவிட்டமையால், செல்ல வழியில்லை. தீப்பெட்டியளவே உள்ள சிறு பெட்டியில் இத்தகைய இணைச்சுருள்களை அடக்கி, இசைக்கம்பியின் இடையே செருகுமாறு இன்று விற்கின்றனர். தனிமைப்படுத்தும் மின்மாற்றி என்பது அதன் பெயர். 1831-ஆம் ஆண்டு கயிறும் துணியும் சுற்றி அமைத்த வளையத்தின் வழித்தோன்றலே அது. ஊசி ஒரு கணம் துள்ளி நின்றது குறையெனத் தோன்றியதன்றோ? மாறுவதைக் கம்பித் தொடர்பின்றியே கடத்தும் அக்குணமே இங்குப் பயனாயிற்று.

பாரடேயின் மற்றொரு சோதனை இதனினும் வியப்புக்குரியது. 1836-ஆம் ஆண்டு சனவரியில், இராயல் நிறுவனத்தின் சொற்பொழிவு மண்டபத்தினுள், நீளம் அகலம் உயரம் மூன்றும் பன்னிரண்டு அடி உடைய கூண்டு ஒன்றை அமைத்தார். மெல்லிய மரச்சட்டங்களைக் கூட்டி, அவற்றின் குறுக்கும் நெடுக்குமாகச் செப்புக் கம்பியை இழுத்து, காகிதம் ஒட்டி, அதன் மேல் வெள்ளீயத் தகட்டுப் பட்டைகளைப் பதித்தார். தரையோடு தொடர்பின்றி அதனைத் தாங்கல்களின் மேல் நிறுத்தினார். பெரிய மின்பொறி ஒன்றைச் சுழற்றி, அதிலிருந்து கூண்டுக்கு மின்னேற்றம் ஊட்டச் செய்தார். கூண்டின் வெளிப்புறத்திலிருந்து பொறிகள் சிதறின. மூலைகளிலிருந்து மின்கதிர்கள் சீறிப் பாய்ந்தன.

அந்நிலையில் பாரடே கூண்டினுள்ளே இருந்தார். ஏற்றிய மெழுகுவத்திகளையும், மிகச் சிறிய மின்னேற்றத்தையும் காட்டவல்ல மின்காட்டிகளையும் உடன் கொண்டிருந்தார். புறத்தே பொறி பறக்க, அகத்தே மின்காட்டியின் பொன்னிதழ்கள் அசையவே இல்லை. உலோகக் கூட்டில் ஏற்றிய மின்சாரம் புறப்பரப்பிலேயே தங்கும். உள்ளே அதன் ஆட்சி செல்லாது. இதன் ஒரு கூற்றை 1755-ஆம் ஆண்டிலேயே அமெரிக்கப் பேரறிஞர் பிராங்க்ளின், வெள்ளிக் குவளையினுள் தொங்கவிட்ட தக்கை உருண்டையைக் கொண்டு கண்டிருந்தார். ஆயினும் தக்கைக்குப் பதில் தாமே உள்ளே புகுந்து ஐயந்தீர்த்தவர் பாரடே. தாம் கண்ட விதியில் எத்துணை உறுதியிருந்தால் ஒருவர் அவ்வாறு புகுவார்!

இன்று ஒவ்வோர் இசைக்கம்பியும் ஒரு சிறு பாரடே கூண்டைப் போர்த்துக்கொண்டே வருகிறது. இசைக்குறியைச் சுமக்கும் மெல்லிய உட்கம்பியைச் சுற்றிலும் செப்பு இழைகளால் வலை பின்னப்பட்டிருப்பதை, பழுதான கம்பியொன்றை அறுத்துப் பார்ப்பவர் காணலாம். அருகிலுள்ள குழல் விளக்கும் மின்கம்பியும் உண்டாக்கும் மின்புலம் அவ்வலையோடு நின்றுவிடும். வலை ஓரிடத்தில் அறுபட்டாலோ, முனையில் நன்கு இணையாவிட்டாலோ, உறுமல் உட்புகும். எனினும் கூண்டு எல்லாவற்றையும் தடுக்கும் என நம்புதல் கூடாது. நொடிக்கு 50 முறை மெல்ல மாறும் காந்தப்புலம் மெல்லிய செப்பு வலையை ஊடுருவிச் செல்லும். ஆகவே இசைக்கம்பியை மின்கம்பியோடு சேர்த்துக் கட்டலாகாது. குறுக்கிட நேரின் செங்குத்தாகக் கடக்குமாறு விடல் நன்று.

காந்தத்தால் வரும் இத்தொல்லைக்குத் தொலைபேசியைக் கண்ட கிரகாம் பெல் 1881-ஆம் ஆண்டில் ஒரு மாற்றுக் கண்டார். இரண்டு கம்பிகளைக் கயிறு போல் முறுக்கிச் செலுத்துவதே அது. முறுக்கின் ஒரு வளைவில் தோன்றும் மின்னோட்டத்தை அடுத்த வளைவில் எதிர்முகமாகத் தோன்றுவது அழித்துவிடும். இதுவும் பாரடேயின் விதியைப் பாரடேயின் விதியாலேயே வெல்லும் உபாயம். மேடை ஒலிவாங்கிகளின் கம்பிகள் பல அடி நீண்டும் இரையாதிருப்பதற்கு இம்முறுக்கும், இரு கம்பிகளின் வேறுபாட்டை மட்டும் கேட்குமாறு அமைந்த கருவியும் காரணம்.

கணிதம் அறியாமையால், பாரடே தம் கருத்துகளைச் சமன்பாடாக எழுத இயலவில்லை. காந்தத்தைச் சுற்றியுள்ள வெளி வெறுமையன்று, அங்கே விசைக்கோடுகள் நிறைந்துள்ளன என்றார். காகிதத்தின் மேல் இரும்புத் தூளைத் தூவி அக்கோடுகளைக் கண்ணாரக் காட்டினார். கணித வல்லுநர் பலர் இதனைக் கற்பனையெனத் தள்ளினர். 1850-களில் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் என்னும் இளைஞர், தள்ளத்தக்கதன்று இது எனக் கண்டு, அக்கோடுகளுக்குக் கணித வடிவம் தந்தார். அறுபதைக் கடந்திருந்த பாரடேக்கு அது பெரிய ஆறுதல். பின்னர் வானொலி அலைகள் உள என்று முன்னுணரப்பட்டது அக்கணிதத்தினின்றே.

இராயல் நிறுவனத்தில் வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவுகளை ஏற்படுத்தியவரும் அவரே. கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்க்கெனச் சொற்பொழிவு நிகழ்த்தும் வழக்கம் 1825-ஆம் ஆண்டில் அங்குத் தொடங்கிற்று. பாரடே தாமே பத்தொன்பது ஆண்டு அதனை நிகழ்த்தினார். ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்துக்கொண்டு வேதியியல் முழுதையும் அதன் சுடரிலிருந்து விளக்கிய சொற்பொழிவு இன்றும் நூல்வடிவிற் படிக்கப்படுகிறது. ஒரு காலத்தில் மாடத்தில் ஒதுங்கி அமர்ந்து கேட்டவர் நின்ற மேடை அது.

1839-ஆம் ஆண்டின் இறுதியில் உடல்நலம் கெட்டது. தலைசுற்றலும் மறதியும் வருத்தின. சில ஆண்டு ஆராய்ச்சியை விட்டிருந்து, 1845-இல் மீண்டு, ஒளியின் மீது காந்தம் செயல்படுதலைக் கண்டார். ஆயினும் மறதி அவரை விட்டு நீங்கவில்லை. தாம் முன்பு செய்த சோதனையையே மறந்து மீண்டும் செய்யத் தொடங்குவார். நாள்தோறும் செய்தவற்றைப் பத்தியெண்ணிட்டுக் குறித்து வைத்தார். அக்குறிப்பேட்டின் பத்திகள் பதினாறாயிரத்தைத் தாண்டின.

அரசு அளிக்க வந்த ‘சர்’ பட்டத்தை மறுத்தார். இராயல் கழகத்தின் தலைமை இருமுறை தேடி வந்தபோதும் ஏற்கவில்லை. சாண்டிமானியர் என்னும் சிறிய கிறித்தவச் சபையைச் சார்ந்தவராதலின் பொருள் சேர்ப்பதில் அவருக்கு நாட்டமில்லை. 1858-ஆம் ஆண்டில் விக்டோரியா அரசியார் ஹாம்ப்டன் கோர்ட்டில் அளித்த இல்லத்தில் இறுதி நாள்களைக் கழித்தார். 1867-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள், நாற்காலியில் அமர்ந்தவாறே உயிர் நீத்தார். பேரறிஞர்களை அடக்கம் செய்யும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் தமக்கு இடம் வேண்டா என முன்னரே தெரிவித்திருந்தார். ஆதலால் இலண்டனின் ஹைகேட் இடுகாட்டில் அவர் உடல் எளிய முறையில் அடக்கம் செய்யப்பட்டது. அங்குள்ள கல்லில் அவர் பெயரும், பிறந்த நாளும், இறந்த நாளும் பொறிக்கப்பட்டுள்ளன.